உச்சிக்கு அந்தப் பக்கம்: ஒரு ஆல்ஃபா ரூட்டர் மூச்சுமுட்டிய கதை

ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, கடத்திவிடும் ரூட்டர் பெட்டி ஒன்று. விநாடிக்கு 2,000 பாக்கெட் வரை எல்லாம் ஒழுங்காகப் போகிறது. ஒரு பக்கம் எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் மறுபக்கம் போய்விடுகிறது. அதற்கு மேல் வரத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? போவது 2,000-லேயே நிற்கும், மிச்சம் கீழே விழும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது வேறு. வரத்து ஏற ஏற வெளியே போவது குறைந்துகொண்டே வந்தது. 6,000-ஐ நெருங்கியபோது ஒரு பாக்கெட்கூட வெளியே வரவில்லை. பெட்டி நின்றுபோகவில்லை. சிபியு மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பலன் மட்டும் பூஜ்யம்.

1996 ஜனவரியில் சான் டியாகோவில் நடந்த யூஸ்நிக்ஸ் என்ற கணினி ஆய்வு மாநாட்டில் ஜெஃப்ரி மோகல், கே.கே. ராமகிருஷ்ணன் இருவரும் கொடுத்த கட்டுரையில் இந்த வரைபடம் இருக்கிறது. மோகல் அப்போது டெக் கணினி நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தார். ராமகிருஷ்ணன் பெல் ஆய்வகத்தில். கட்டுரையின் விரிந்த வடிவம் 1997-ல் ஏசிஎம் என்ற கணினித் துறைச் சங்கத்தின் இதழில் வந்தது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் வேலை செய்கிறவர்கள் அதில் சொன்ன தீர்வுக்காக அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சோதனைக்காகவே பிடிக்கும். பாக்கெட் வேகம் அளக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிற நம்மில் பலர் உச்சியைத் தொட்டதும் கருவிகளை மூட்டை கட்டிவிடுகிறோம். இவர்கள் உச்சி தாண்டி அந்தப் பக்கமும் இறங்கிப் பார்த்தார்கள். விஷயம் முழுக்க அங்கேதான் கிடந்தது.

மேசை மேல் என்ன இருந்தது

ரூட்டராக நின்றது டெக்ஸ்டேஷன் 3000/300 என்ற கணினி, ஆல்ஃபா வகை சிபியு கொண்டது, டிஜிட்டல் யூனிக்ஸ் 3.2 இயங்குதளம் ஓடுவது. கையில் கிடைத்த ஆல்ஃபாக்களிலேயே மெதுவானதைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். வேகமான பெட்டியை வைத்தால் 10 மெகாபிட் ஈதர்நெட் அதைத் திணறவைக்காது. திணறாவிட்டால் நோய் வெளியே தெரியாது. இரண்டு ஈதர்நெட் இணைப்பு. ஒன்றின் முனையில் பாக்கெட் அனுப்பும் கணினி. இன்னொன்றின் முனையில் யாரும் இல்லை.

அந்த ‘யாரும் இல்லை’ என்பதைத்தான் ரசித்தேன். பாக்கெட்டுகள் போய்ச் சேர வேண்டிய முகவரியில் உண்மையில் எந்தக் கணினியும் கிடையாது. எந்த ஐபி முகவரி எந்த கார்டில் இருக்கிறது என்று ரூட்டர் குறித்துவைக்கும் ஏஆர்பி அட்டவணையில் ஒரு பொய் வரியைச் சேர்த்து, அந்த முகவரிக்கு ஆள் இருப்பதாக நம்பவைத்துவிட்டார்கள். வாங்கும் கணினி என்று ஒன்றை உண்மையாகவே வைத்திருந்தால், விழுந்த பாக்கெட்டை ரூட்டர் விட்டதா, அது விட்டதா என்று தனியாக ஒரு விசாரணை நடத்த வேண்டியிருக்கும். ஆளே இல்லையென்றால் அந்தச் சந்தேகமும் இல்லை.

அளந்தது எப்படி? ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் ரூட்டரிலேயே நெட்ஸ்டாட் என்ற கணக்குக் காட்டும் கட்டளையைப் போட்டு, வெளியேறும் இணைப்பில் எத்தனை பாக்கெட் போனது என்ற கணக்கைக் கழித்துப் பார்த்தார்கள். சோதிக்கப்படும் பெட்டியே தனக்கு மார்க் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அதனால் வெளிக் கம்பியில் ஒரு நெட்வொர்க் அனலைசரை மாட்டி, நெட்ஸ்டாட் சொல்வதும் கம்பியில் போவதும் ஒன்றா என்று சரிபார்த்திருக்கிறார்கள். ஒன்றாகவே இருந்தது. அதற்கப்புறம்தான் நெட்ஸ்டாட்டை நம்பினார்கள். நான் பார்த்த சோதனை அறிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு படி இருக்காது.

அனுப்பியது 4 பைட் தரவு கொண்ட யூடிபி (பதில் எதிர்பார்க்காமல் அனுப்பும் எளிய முறை) பாக்கெட்டுகள், ஒரு சோதனைக்கு 10,000. 4 பைட்டோடு யூடிபி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, ஈதர்நெட் தலைப்பும் வாலும் 18 சேர்த்தால் 50. ஈதர்நெட் 64-க்குக் குறைந்து எதையும் அனுப்பாது என்பதால் மிச்சத்தை வெற்று பைட்டால் நிரப்பிவிடும். அதாவது கம்பியில் போகக்கூடிய மிகச் சிறிய சட்டகம் (ஈதர்நெட் உறையோடு சேர்ந்த பாக்கெட்).

சிறியது ஏன் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ரூட்டருக்கு வேலை பைட்டுக்கு இல்லை, பாக்கெட்டுக்குத்தான். 64 பைட் வந்தாலும் 1,518 பைட் வந்தாலும் தலைப்பைப் படிப்பது, வழி தேடுவது, வரிசையில் போடுவது எல்லாம் ஒரே செலவு. கம்பியில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் முன்னால் 8 பைட் முன்னுரையும் பின்னால் 12 பைட் இடைவெளியும் உண்டு. ஆகச் சிறிய சட்டகம் 84 பைட் இடத்தைப் பிடிக்கிறது, 672 பிட். 10 மெகாபிட்டை 672-ஆல் வகுத்தால் விநாடிக்கு 14,880. நெட்வொர்க் சோதனைக்காரர்களுக்கு மனப்பாடமான எண் இது. 10 கிகாபிட் வந்தபோதும் எண் மாறவில்லை, பின்னால் மூன்று பூஜ்யம் சேர்ந்து 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் ஆனது. ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் அன்று 67.2 மைக்ரோவிநாடி, 10 கிகாபிட்டில் 67.2 நானோவிநாடி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியு என்றால் சுமார் 200 சுழற்சி. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

சோதனையில் குறை இல்லாமல் இல்லை. அனுப்பும் கணினி சீரான இடைவெளியில் அனுப்பக்கூடியது அல்ல, வேகம் கொஞ்சம் ஏறி இறங்கியது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். 10,000 பாக்கெட் என்பது பெரிய வேகத்தில் ஒன்றிரண்டு விநாடியில் தீர்ந்துவிடும். இன்று யாராவது அந்த அளவில் அறிக்கை கொடுத்தால் நான் திருப்பி அனுப்புவேன். ஆனால் அவர்கள் தேடியது இரண்டு சதவீத வித்தியாசத்தை அல்ல. சரிகிற மலையைப் பார்க்க பூதக்கண்ணாடி தேவையில்லை.

ஏன் சரிந்தது

இரண்டு விதமாக அளந்தார்கள். ஒன்று, கெர்னல் மட்டுமே பாக்கெட்டைக் கடத்துவது. இன்னொன்று, ஸ்கிரீன்டி என்ற வடிகட்டி புரோக்ராமைக் கேட்டுவிட்டுக் கடத்துவது. ஸ்கிரீன்டி மோகலே எழுதியது. கெர்னலுக்கு வெளியே, சாதாரண புரோக்ராமாக ஓடி, ஒவ்வொரு பாக்கெட்டையும் விடலாமா கூடாதா என்று சொல்லும். ஃபயர்வாலின் ஆரம்பகால வடிவம். சோதனைக்காக எல்லாவற்றையும் விடச் சொல்லியே வைத்திருந்தார்கள். ஸ்கிரீன்டி இல்லாமல் 4,700 வரை தாங்கியது, அப்புறம் இறங்கியது. 14,880-ஐ எட்டுவதற்கு முன்பே அதுவும் படுத்துவிடும் என்பது அவர்கள் கணிப்பு. ஸ்கிரீன்டியோடு சேர்ந்தபோதுதான் முதலில் சொன்ன 2,000-உம் 6,000-உம்.

காரணம் வேலையின் முன்னுரிமை வரிசையில் இருந்தது. அந்தக் காலத்தில், பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் வழிவந்த கெர்னலில் ஒரு பாக்கெட் வந்தால் நெட்வொர்க் கார்டு இன்டரப்ட் அடிக்கும், அதாவது சிபியுவைக் குறுக்கிட்டுக் கூப்பிடும். சிபியு கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து பாக்கெட்டை எடுத்து ஐபி வரிசையில் வைக்கும். வழி தேடுகிற வேலை அதைவிடக் கீழ் முன்னுரிமையில் பிறகு நடக்கும். ஸ்கிரீன்டி போன்ற புரோக்ராம்களுக்கு எல்லாருக்கும் கீழே இடம். இப்படி வைத்ததில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. பழைய கார்டுகளில் பாக்கெட்டை வைத்துக்கொள்ள இடம் குறைவு, உடனே எடுக்காவிட்டால் போய்விடும். வரத்தும் அப்போது கொஞ்சம்தான்.

வரத்து பெருத்ததும் கதை மாறுகிறது. ஒற்றை ஆள் நடத்தும் டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுப்பதும் அவரே, டீ ஆற்றுவதும் அவரே. யார் குரல் கொடுத்தாலும் உடனே திரும்பி ஆர்டர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறார். பத்துப் பேர் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நூறு பேர் நின்று கத்தினால் ஆர்டர் எழுதியே பொழுது போய்விடும், ஒரு டீயும் வெளியே வராது. எழுதிய சீட்டுக்கும் இடமில்லாமல் குப்பைக்குப் போகும். கெர்னலிலும் அதேதான். கார்டிலிருந்து எடுத்து, நினைவகத்தில் இடம் கொடுத்து, வரிசைக்குக் கொண்டுபோனால் வரிசை நிரம்பியிருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதான். அதுவரை செலவழித்த சிபியு நேரம் அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர். வரத்து கூடக் கூட இந்த வீண் செலவும் கூடுகிறது, உருப்படியான வேலைக்கு மிஞ்சுவது குறைகிறது. அதனால்தான் கோடு தட்டையாக நிற்காமல் கீழே இறங்குகிறது.

இதற்கு லைவ்லாக் என்று பெயர். டெட்லாக்கில் குறுகிய தெருவில் எதிரெதிரே வந்த இரண்டு பேருந்து மாதிரி எல்லாரும் நின்றுவிடுவார்கள். லைவ்லாக்கில் யாரும் நிற்பதில்லை, எல்லாரும் ஓடுகிறார்கள், வேலை மட்டும் நகராது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சிபியு நூறு சதவீதம் என்று காட்டும்போது பெட்டி உழைக்கிறது என்றுதான் தோன்றும்.

கைகொடுக்காத முதல் மருந்து

நோய் இன்டரப்ட் என்று தெரிந்துவிட்டது. அதை அணைத்துவிட்டால் போச்சு. முதல் பாக்கெட் வந்ததும் ஒரே ஒரு இன்டரப்ட். அது கெர்னலுக்குள் ஒரு நூலிழையை (த்ரெட், தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) எழுப்பிவிட்டுத் தன்னை அணைத்துக்கொள்ளும். அந்த இழை கார்டுகளைத் தானே போய்ப் பார்த்து, பாக்கெட்டை எடுத்து, நடுவில் ஐபி வரிசையில் வைக்காமல் ஒரே மூச்சில் வழி தேடி வெளியேறும் வரிசை வரை கொண்டுபோய்விடும். எல்லாம் தீர்ந்ததும் இன்டரப்ட்டை மறுபடி திறந்துவிடும். வாசிக்கும்போது இதோடு கதை முடிந்தது என்றே தோன்றும்.

அளந்தார்கள். தாங்கும் எல்லையைத் தாண்டியதும் வெளியேற்றம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழுந்தது, பழைய கெர்னலைவிடச் செங்குத்தாக.

இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்ப வாசித்த பகுதி இதுதான். எடுக்கும் வேலை ‘எல்லாம் தீரும் வரை’ என்று எழுதப்பட்டிருந்தது. வரத்து எல்லையைத் தாண்டினால் தீரவே தீராது. எடுப்பதிலேயே இழை மாட்டிக்கொள்கிறது. வெளியே அனுப்பி முடித்த பாக்கெட்டுகளின் இடத்தைக் காலி செய்கிற வேலைக்கு முறை வருவதே இல்லை. இடம் காலியாகாததால் வெளியேறும் வரிசை நிரம்பி, அங்கே கொட்டுகிறது. பாக்கெட் முன்பு ஐபி வரிசையில் செத்தது. இப்போது எல்லா வேலையும் முடிந்து வாசலுக்கு வந்தபிறகு சாகிறது. முன்பைவிட வீண் செலவு அதிகம். டீக்கடைக்காரர் டீ ஆற்றிவிட்டார், எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

மருந்து ஒரு சின்ன எண். ஒரு தடவைக்கு இத்தனை பாக்கெட்தான், அப்புறம் அடுத்த வேலைக்கு வழி விடு என்று ஒரு ஒதுக்கீடு. 10-இலிருந்து 20 வரை வைத்தபோது கோடு உச்சியில் தட்டையாக நின்றது. எண்ணைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் பழைய சரிவு திரும்பி வந்தது.

ஸ்கிரீன்டி ஓடும்போது அதுவும் போதவில்லை. ஒதுக்கீடு கெர்னலின் உள்வேலைகளுக்குள்தான் நியாயம் செய்தது, வெளியே இருக்கும் புரோக்ராமுக்கு முறை கொடுக்கவில்லை. அதனால் எதிர்த்திசையில் ஒரு தகவலைச் சேர்த்தார்கள். ஸ்கிரீன்டிக்கு முன்னால் இருக்கும் வரிசையில் 32 பாக்கெட்டுக்கு இடம். முக்கால் பங்கு நிரம்பியதும் கார்டிலிருந்து எடுப்பதையே நிறுத்து. கால் பங்காகக் குறைந்ததும் திற. நிறுத்தியிருக்கும் நேரத்தில் வருகிற பாக்கெட்டுகள் கார்டிலேயே நிரம்பி வழிந்து விழும். விழட்டும். அங்கே விழுந்தால் சிபியுவுக்குச் செலவே இல்லை. வேண்டாதவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் பந்தியில் உட்காரவைத்த பிறகு எழுப்புவதும் ஒன்றா? ஸ்கிரீன்டியே எங்கேயாவது தொங்கிவிட்டால் கதவு நிரந்தரமாக மூடிவிடுமே என்று, ஒரு மில்லிவிநாடி அளவில் தானாகத் திறக்கும்படி ஒரு காவலும் வைத்தார்கள். லைவ்லாக் போனது, உச்சியும் நன்றாகவே உயர்ந்தது.

இடையில் ஒரு சின்ன நேர்மை. திருத்திய கெர்னலில் புது வேலைகளை எல்லாம் அணைத்துவிட்டு, பழையது மாதிரியே நடக்கச் சொல்லியும் ஒரு தடவை அளந்தார்கள். பழையதைவிடக் கொஞ்சம் மெதுவாக இருந்தது. ஏன் என்று தெளிவாகத் தெரியவில்லை; நிரல் பாதை கொஞ்சம் நீண்டதோ, கம்பைலர் வேறோ, கேஷ் மோதலோ என்று மூன்று சந்தேகத்தை எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஒப்பிடும்போது இப்படி ஒரு கட்டுப்பாட்டு அளவீடு இருந்தால்தான் எந்த லாபம் எதனால் வந்தது என்று சொல்ல முடியும். அது தங்களுக்குச் சாதகமாக இல்லாதபோதும் வரைபடத்தில் வைத்திருப்பது இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கிற காட்சி இல்லை.

ஒற்றை எண்ணின் பிரச்சினை

ஸ்கிரீன்டி இல்லாத வரைபடத்தில் பழைய கெர்னலின் உச்சியையும் ஒதுக்கீடு வைத்த புதுக் கெர்னலின் உச்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதியது கொஞ்சம்தான் மேலே இருக்கும். உச்சியை மட்டும் ஒரு அட்டவணையில் போட்டு மேலாளரிடம் நீட்டினால், இதற்காகவா கெர்னலைப் புரட்டிப் போட்டீர்கள் என்று கேட்பார். வித்தியாசம் முழுக்க உச்சிக்கு வலது பக்கம்.

அதே 1996 மே மாதம்தான் நெட்வொர்க் கருவிகளைச் சோதிக்கும் முறை ஆர்எஃப்சி 1944 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. 1999-ல் அதைத் திருத்தி ஆர்எஃப்சி 2544 வந்தது. இன்றும் எல்லாரும் பெயர் சொல்லுவது இதைத்தான். அதை எழுதியவர்களில் ஒருவரான ஸ்காட் பிராட்னர் 1991-லேயே ஆர்எஃப்சி 1242-ல் சொல் விளக்கம் எழுதியிருந்தார்: ஒரு பாக்கெட்கூட விழாமல் தாங்கும் அதிகபட்ச வேகமே த்ரூபுட். அதனால் நடைமுறையில் எல்லாரும் செய்வது இருகூறாகத் தேடுவது. விழுந்தால் பாதியாகக் குறை, விழாவிட்டால் ஏற்று, கடைசியில் ஒரு எண். அந்த எண்ணைத் தாண்டி என்ன நடக்கிறது என்று இந்தத் தேடல் கேட்பதில்லை. 4,700-க்கு அப்புறம் தட்டையாக நிற்கிற பெட்டிக்கும் தரைமட்டமாகிற பெட்டிக்கும் ஒரே மார்க்.

ஆர்எஃப்சியைக் குறை சொல்ல முடியாது. அதிலேயே சட்டக இழப்பு வீதத்துக்குத் தனிச் சோதனை இருக்கிறது. த்ரூபுட்டின் 110 சதவீதத்தில் குறைந்தது 60 விநாடி அடித்துவிட்டு, சட்டென்று பாதியாக்கி, பெட்டி எப்போது தேறுகிறது என்று பார்க்கும் சோதனையும் இருக்கிறது. யாரும் ஓட்டுவதில்லை, அவ்வளவுதான். விற்பனைத் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

2000-ல் எம்ஐடி-யின் கிளிக் ரூட்டர் குழுவும் இன்டரப்ட்டை விட்டுவிட்டுக் கார்டைத் தேடிப்போகும் வழியில்தான் போனது. சாதாரண பிசியில் இழப்பில்லாமல் விநாடிக்கு 3,33,000 சிறிய பாக்கெட் என்று காட்டினார்கள். 2001-ல் ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்னெட்சோவ் மூவரும் லினக்ஸுக்கு நாப்பி என்ற பாக்கெட் வாங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். முதல் பாக்கெட்டுக்கு இன்டரப்ட், அப்புறம் அணை, ஒதுக்கீட்டோடு எடு, தீர்ந்தால் திற. ஆல்ஃபா பெட்டியில் பார்த்த அதே ஏற்பாடு. ஒரு கார்டுக்கு ஒரு தடவைக்கு 64, ஒரு சுற்றுக்கு மொத்தம் 300 என்பது லினக்ஸில் இயல்பாக இருக்கும் எண்கள். இவை எங்கிருந்து முளைத்தன என்று யோசித்திருந்தால், அந்த 10-க்கும் 20-க்கும் தூரத்துச் சொந்தம்.

என் பெட்டி

சில வருடம் முன்பு ஒரு நிறுவனத்துக்காக லினக்ஸ் பெட்டி ஒன்றைச் சோதித்துக் கொடுத்தேன். ஒரு கிகாபிட் இணைப்பு. வேகம் அளக்கும் ஐபெர்ஃப் கருவியை ஓட்டினேன், கம்பியின் முழு வேகம் வந்தது, கையெழுத்துப் போட்டேன். ஐபெர்ஃப் முழு அளவுப் பாக்கெட்டாக அனுப்பும். 1,518 பைட் என்றால் ஒரு கிகாபிட்டில் விநாடிக்கு 81,274 சட்டகம்தான். 64 பைட்டாக அடித்தால் 14,88,095, பதினெட்டு மடங்கு. நான் சோதித்தது பெட்டியை அல்ல, கம்பியைத்தான். இது எனக்கு அன்று தெரியாத விஷயமும் அல்ல, சோம்பல்.

அங்கே ஓடியது பெரும்பாலும் குரல் அழைப்பு. எல்லாம் குட்டிக் குட்டிப் பாக்கெட். காலையில் நன்றாக இருக்கும், பத்து மணிக்குமேல் அழைப்புகள் வெட்டும். போய்ப் பார்த்தால் சிபியுவில் ஒரு கோர் மட்டும் நூறு, மற்றவை சும்மா இருந்தன. பாக்கெட்டுகளை ஒரு பரிசோதனை புரோக்ராமுக்கு வரிசை வழியாகக் கொடுத்து, அது சரி என்றால்தான் விடுகிற ஏற்பாடு. ஸ்கிரீன்டி மறுபிறவி எடுத்து வந்திருந்தது. கார்டின் இன்டரப்ட்டும் அந்த புரோக்ராமும் அதே ஒரு கோரில்.

எங்கே விழுகிறது என்று தேடினேன். ஈத்டூல் என்ற கட்டளையில் கார்டின் கணக்கைப் பார்த்தால் கார்டில் எதுவும் விழவில்லை. கெர்னல் தன் பாக்கெட் கணக்கைக் காட்டும் /ப்ராக்/நெட்/சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பில் மூன்றாவது நெடுவரிசை, ஒதுக்கீடு தீர்ந்ததால் பாதியில் எழுந்துபோன தடவைகளின் கணக்கு, ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது, அதாவது கெர்னல் வரிசையில் விழுந்தது, பூஜ்யம். அப்படியானால் விழுவது கடைசியில், பரிசோதனை புரோக்ராமின் வரிசை வாசலில். எடுக்க வேண்டிய எல்லாச் செலவையும் செய்து முடித்த பிறகு.

இன்டரப்ட்டை வேறு கோருக்கு மாற்றினேன். ஒரு வரிக் கட்டளை. அழைப்பு வெட்டுவது நின்றது. அதோடு விடவில்லை. பெட்டியை மேசைக்கு வாங்கி, 64 பைட்டில், தாங்கும் வேகத்தில் தொடங்கி அதற்கு மேல் அதுபோல் இரண்டு மடங்கு வரை படிப்படியாக ஏற்றி, வெளியே போனதைப் புள்ளி வைத்துக் கோடு போட்டேன். மறுமுனையில் கணினி வைக்கவில்லை. ஏஆர்பி அட்டவணையில் ஒரு பொய் வரி.